கல்லூரியின் பெயரை மட்டும் மாற்றினால் போதுமா?

அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் இளநிலைப் பட்டப் படிப்பைத் தொடங்கி, ஓராண்டோ ஈராண்டோ கழித்து வேறொரு கல்லூரிக்கு மாறிச் செல்வது இயல்பான நடைமுறை. பராக் ஒபாமா 1979-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள ஆக்சிடென்டல் கல்லூரியில் சேர்ந்தார். 1981-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். முதலீட்டாளர் வாரன் பஃபெட், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற வார்ட்டன் பள்ளியில் ஈராண்டு படித்துவிட்டு, சொந்த மாநிலமான நெப்ராஸ்காவின் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி 1950-இல் பட்டம் பெற்றார். சிறிய இடத்திலிருந்து பெரிய இடத்துக்குப் போவது மட்டுமே மாற்றம் என்று எண்ணுவோர் இந்த இரண்டாவது உதாரணத்தை நினைவில் கொள்ளலாம்.

நம் ஊரில் இதற்கு நேரான வழக்கம் இல்லை. இங்கே கல்லூரி மாறுவது என்றால் மாற்றுச் சான்றிதழ், பல்கலைக்கழக ஒப்புதல், காலியிடம் என்ற அளவில் பேச்சு முடிந்துவிடும். பொறியியல் கலந்தாய்வில் தரவரிசை எண்தான் பேசுகிறது. 'இந்தக் கல்லூரியை ஏன் விரும்புகிறாய்' என்று எந்த அலுவலரும் மாணவரைக் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த குடும்பங்கள், அமெரிக்கக் கல்லூரிகள் கேட்கும் விண்ணப்பக் கட்டுரையை ஒரு சடங்காகவே எடுத்துக்கொள்கின்றன. மதிப்பெண் இருக்கிறது, கட்டணம் செலுத்த வழி இருக்கிறது, கட்டுரையில் என்ன வந்துவிடப் போகிறது என்ற எண்ணம்.

பணி ஓய்வுக்குப் பிறகு, என்னுடைய பழைய மாணவர்கள் தங்கள் பிள்ளைகளின் கட்டுரைகளை அனுப்பிக் கருத்துக் கேட்பது வழக்கமாகிவிட்டது. அமெரிக்காவில் படித்துக்கொண்டே வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் பிள்ளைகள் அவர்கள். அக்கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. முதல் பத்தியில் சிறு வயதுக் கனவு. இரண்டாம் பத்தியில் கடின உழைப்பு. மூன்றாம் பத்தியில் 'உலகத் தரம் வாய்ந்த பேராசிரியர்கள், பன்முகப் பண்பாட்டுச் சூழல், எல்லையற்ற வாய்ப்புகள்'. ஆறு கல்லூரிகளுக்கு ஆறு கட்டுரைகள் இருக்கும். வேறுபடுவது கல்லூரியின் பெயர் மட்டுமே. ஒரு கட்டுரையில் அந்தப் பெயரும் மாறாமல், ஒரு கல்லூரிக்கான பக்கத்தில் மற்றொரு கல்லூரி புகழப்பட்டிருந்தது. அதை எழுதிக் கொடுத்த முகவர் நிறுவனம் அதற்காகக் கணிசமான தொகை பெற்றிருந்தது.

இதில் இழப்பது ஒரு விண்ணப்பக் கட்டணத்தை மட்டுமன்று. கல்லூரி மாறுவதில் ஒரு மாணவரின் ஓராண்டுக் காலமும், குடும்பத்தின் பல லட்சம் ரூபாயும் அடங்கியிருக்கின்றன. ஆகவே, ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியே கட்டுரை எழுதுவது என்றால் உண்மையில் என்ன, அது ஏன் தேவைப்படுகிறது, எங்கே தேவையில்லை என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

கல்லூரி எதைத் தேடுகிறது?

பள்ளி முடித்து வரும் மாணவரிடம் கல்லூரி எதிர்பார்ப்பது ஒன்று; மாறி வரும் மாணவரிடம் எதிர்பார்ப்பது வேறு. பதினேழு வயதுப் பிள்ளை என்ன படிக்கப்போகிறது என்று இன்னும் முடிவு செய்திருக்க வேண்டியதில்லை. மாறி வருபவர் ஏற்கெனவே கல்லூரிப் பாடங்களைப் படித்தவர். பலர் மூன்றாம் ஆண்டில் நுழைகிறார்கள். வந்த சில மாதங்களிலேயே முதன்மைப் பாடத்தின் மேல்நிலை வகுப்புகளில் உட்கார வேண்டியவர்கள். ஆதலால் மாற்றுச் சேர்க்கைக் கட்டுரை கேட்பது இரண்டு கேள்விகளை: இப்போது இருக்கும் இடத்தைவிட்டு ஏன் போகிறாய்? எங்களிடம் ஏன் வருகிறாய்? சொல்லளவு கல்லூரிக்குக் கல்லூரி மாறும். 150 சொற்களில் கேட்பவரும் உண்டு, 650 சொற்கள் வரை இடம் தருபவரும் உண்டு. கேள்விகள் பெரும்பாலும் இவையே.

இடங்களும் குறைவு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1990-இல் மாற்றுச் சேர்க்கையை நிறுத்தி, 2018-இல்தான் மீண்டும் தொடங்கியது; அதுவும் முன்னாள் படைவீரர்கள், சமுதாயக் கல்லூரி மாணவர்கள், குறைந்த வருவாய்க் குடும்பத்தினர் ஆகியோருக்கு முன்னுரிமை அளித்து. மிகப் புகழ்பெற்ற தனியார் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுக்கு மிகச் சிலருக்கே இடம் கிடைக்கிறது. மாறாக, பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஆயிரக்கணக்கில் சேர்த்துக்கொள்கின்றன. பெயரைப் பார்த்து மட்டும் பட்டியல் போடுவோர் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் இதை ஒரு சந்தையாகவே பார்க்கிறேன். ஆனால் இது விலையால் நடக்கும் சந்தை அன்று. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு கணிதவியலர்கள் 1962-இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்று, கல்லூரிச் சேர்க்கையையும் திருமணத்தையும் ஒரே வகைச் சிக்கலாகக் கண்டது. இரு தரப்பும் ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு தரப்பின் விருப்பம் மட்டும் போதாது. அந்த ஆய்வு வழியில் வந்ததே ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012-இல் வழங்கப்பட்ட பொருளியல் நோபல் பரிசு. நம் வீடுகளில் வரன் பார்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பத்து வீட்டுக்கும் ஒரே கடிதத்தை அனுப்பும் மாப்பிள்ளை வீட்டாரை யாரும் பொருட்படுத்துவதில்லை.

மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் முன்வைத்த சமிக்ஞைக் கோட்பாடும் இங்கே உதவும். ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லும் சொல், அதைச் சொல்வதற்கு அவருக்குச் செலவாகும்போதுதான் நம்பத்தக்கதாகிறது. தகுதியற்றவருக்கு அந்தச் செலவு கூடுதலாக இருக்க வேண்டும் என்பது கோட்பாட்டின் உயிர்நாடி. 'உங்கள் கல்லூரியே என் முதல் விருப்பம்' என்று எழுத எவருக்கும் செலவில்லை. எனவே அதற்கு மதிப்பும் இல்லை. அமெரிக்கப் பொருளியல் சங்கம் இதை நன்கு உணர்ந்து, வேலை தேடும் புதிய முனைவர்களுக்கு 2006 முதல் ஓர் ஏற்பாடு செய்தது. ஒவ்வொருவரும் தாம் உண்மையிலேயே விரும்பும் துறைகளுக்கு விருப்பச் சமிக்ஞை அனுப்பலாம். அதிகபட்சம் இரண்டே இரண்டு. எண்ணிக்கை கட்டுப்பட்டதால் அதற்கு மதிப்பு வந்தது.

கல்லூரி விண்ணப்பத்தில் அப்படிக் கட்டுப்பாடு ஏதும் இல்லை. பொது விண்ணப்ப முறையில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் சேர்ந்திருக்கின்றன. 1975-இல் அது தொடங்கியபோது பதினைந்து கல்லூரிகளே இருந்தன. ஒரு படிவத்தை நிரப்பினால் பல இடங்களுக்கு அனுப்பலாம் என்றானபோது, விண்ணப்பிப்பது எளிதாயிற்று. விண்ணப்பத்தைக் கொண்டு விருப்பத்தை அளப்பது கடினமாயிற்று. கல்லூரிகள் தனிக் கட்டுரைகள் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தனிக் கட்டுரைக்கு நேரம் செலவாகும். அந்தச் செலவே சமிக்ஞை.

செலவு குறைந்தால் மதிப்பும் குறையும்

சில ஆண்டுகளுக்கு முன்புவரை, கல்லூரியின் இணையதளத்தைத் திறந்து, இரண்டு பேராசிரியர்களின் பெயரையும் மூன்று பாடங்களின் தலைப்பையும் எடுத்துக் கட்டுரையில் செருகினால், 'உழைத்திருக்கிறான்' என்ற தோற்றமாவது கிடைத்தது. இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலி அதை அரை நிமிடத்தில் செய்துவிடுகிறது. செலவு பூஜ்யத்தை நெருங்கியதும் அந்த வகைத் தையல் வேலையின் மதிப்பும் பூஜ்யத்தை நெருங்குகிறது. இதில் நேரடி ஆபத்தும் உண்டு. பொது விண்ணப்ப அமைப்பு 2023-இல் தன் மோசடிக் கொள்கையை விரிவாக்கி, செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய சாரத்தைத் தன்னுடையதாகச் சமர்ப்பிப்பதையும் மோசடிப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

அப்படியானால் எதைக் கொண்டு கட்டுரையைத் தனித்துவமாக்குவது? செயலியாலும் முகவராலும் எடுத்துத் தர முடியாத ஒன்று மாணவரின் கையிலேயே இருக்கிறது. அவர் படித்த பாடங்களின் பட்டியல். அந்தப் பாடங்கள் அவரைக் கொண்டுவந்து நிறுத்திய இடம். அடுத்து அவர் படிக்க வேண்டிய பாடம். அந்த அடுத்த பாடம் இங்கே இல்லை, அங்கே இருக்கிறது என்று காட்ட முடிந்தால் கட்டுரை தானாகவே அந்தக் கல்லூரிக்கு உரியதாகிவிடும். காட்ட முடியாவிட்டால், எத்தனை பேராசிரியர்களின் பெயரைச் சேர்த்தாலும் அது பொதுக் கட்டுரைதான்.

கல்லூரியின் பெயரை மாற்றிப் பார்க்கும் சோதனையைப் பலரும் அறிவார்கள். கட்டுரையில் கல்லூரியின் பெயரை அழித்து வேறொன்றை எழுதினாலும் பொருந்துகிறதா என்று பார்ப்பது அது. நான் மற்றொன்றையும் செய்யச் சொல்வேன். மாணவரின் பெயரை அழித்துவிட்டு, அதே வகுப்பில் படிக்கும் இன்னொரு மாணவரின் பெயரை எழுதிப் பாருங்கள். அப்போதும் பொருந்தினால், கல்லூரியைப் பற்றி எத்தனை செய்தி இருந்தாலும் அது அந்தக் கல்லூரியின் விளம்பரத் தாளின் நகலே. முதல் சோதனையில் தேறி இரண்டாவதில் வீழும் கட்டுரைகளே இப்போது அதிகம்.

சில வாசல்கள்

கருத்தைப் பொதுவாகச் சொல்வதைவிட நிறுவனங்களைக் கொண்டு சொல்வது நல்லது. கொலம்பியா, பிரௌன் ஆகிய இரண்டும் அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள பழம்பெரும் பல்கலைக்கழகங்கள். தரத்தில் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. நம்மவர் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். ஆனால் இளநிலைக் கல்வி எப்படி இருக்க வேண்டும் என்பதில் இரண்டும் எதிர் எதிர்த் துருவங்கள். கொலம்பியாவில் எல்லா மாணவரும் படித்தே ஆக வேண்டிய பொதுப் பாடத்திட்டம் உண்டு. அதன் மூத்த பகுதியான சமகால நாகரிகம் என்னும் பாடம் 1919-இல் தொடங்கியது. இலக்கியப் பாடம் 1937-இல் சேர்ந்தது. பிளேட்டோவிலிருந்து தொடங்கி மூலநூல்களைச் சிறு குழுவில் உட்கார்ந்து விவாதிக்க வேண்டும். பிரௌன் 1969-இல் கட்டாயப் பொதுப் பாடங்களை நீக்கிவிட்டது. முதன்மைப் பாடத்தின் தேவைகளையும் எழுத்துத் திறன் தேவையையும் நிறைவு செய்தால், மற்றவற்றை மாணவரே வகுத்துக்கொள்ளலாம்.

இதன் விளைவைப் பாருங்கள். மூன்றாம் ஆண்டில் கொலம்பியாவுக்குள் நுழையும் பொருளியல் மாணவர், மேல்நிலைப் பொருளியலோடு முதலிரு ஆண்டு மாணவர்கள் படிக்கும் பொதுப் பாடங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும். அதை அவர் சுமையாகக் கருதுகிறாரா, அதற்காகவே வருகிறாரா? ஆடம் ஸ்மித்தைப் பாடநூல் மேற்கோளாக மட்டும் அறிந்து சலித்தவர், அவரை மூலத்தில் முழுதாகப் படிக்க ஏங்குகிறார் என்றால் கொலம்பியாவுக்கு எழுத அவரிடம் செய்தி இருக்கிறது. பிரௌனுக்கு எழுதுபவர் விடை சொல்ல வேண்டியது வேறு கேள்விக்கு: யாரும் வரையறுக்காத நேரத்தை நீ எப்படி வரையறுப்பாய்? கணினியியலும் பொருளியலும் இசையும் கலந்த பாடப் பட்டியல் ஒன்றை ஏற்கெனவே தானாகத் தேர்ந்து படித்தவருக்கு இங்கே சான்று இருக்கிறது. 'சுதந்திரம் எனக்குப் பிடிக்கும்' என்று எழுதுபவருக்குச் சான்று இல்லை. ஒரே மாணவர் இரண்டுக்கும் நேர்மையாக எழுத முடியுமா? முடியும், ஆனால் தம்முடைய வெவ்வேறு பகுதிகளைக் காட்டித்தான் எழுத முடியும். இரண்டில் ஒன்றுக்கு எழுத ஏதும் இல்லை என்று தெரிந்தால் அந்த விண்ணப்பத்தை விட்டுவிடுவதே சிக்கனம். விண்ணப்பக் கட்டணம் பல இடங்களில் 80 டாலர் அளவில் இருக்கிறது.

அடுத்து கார்னெல். இங்கே ஒரே பல்கலைக்கழகத்துக்குள் பல வாசல்கள். பொருளியல் ஆர்வமுள்ள மாணவர் கலை, அறிவியல் கல்லூரியின் பொருளியல் துறைக்குச் செல்லலாம். பயன்பாட்டுப் பொருளியலும் மேலாண்மையும் கற்பிக்கும் டைசன் பள்ளிக்குச் செல்லலாம். 1945-இல் நிறுவப்பட்ட தொழில், தொழிலாளர் உறவுகள் பள்ளிக்கும் செல்லலாம். (ரூஸ்வெல்ட் அமைச்சரவையில் தொழிலாளர் துறைச் செயலராக இருந்த ஃபிரான்சஸ் பெர்கின்ஸ் தம் கடைசி ஆண்டுகளில் பாடம் நடத்தியது இந்தப் பள்ளியில்தான்.) மாற்றுச் சேர்க்கைக்கான முன்தகுதிப் பாடங்களையும் இவை தனித்தனியே வகுத்திருக்கின்றன. 'கார்னெலில் பொருளியல் படிக்க விரும்புகிறேன்' என்று தொடங்கும் கட்டுரை, எந்த வாசலில் நிற்கிறோம் என்றே தெரியாதவர் எழுதியது.

ஓர் எடுத்துக்காட்டை உருவாக்கிப் பார்ப்போம். திருப்பூரில் பின்னலாடைத் தொழிலை வீட்டருகே பார்த்து வளர்ந்த மாணவி ஒருத்தி, அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், நுண்கணிதம், புள்ளியியல் முடித்திருக்கிறாள். அவளுடைய அக்கறை பீஸ் ரேட் கூலியைப் பற்றியது. கலை, அறிவியல் கல்லூரிக்கு எழுதும்போது அவள் கேட்க வேண்டிய கேள்வி அளவீட்டைப் பற்றியதாக இருக்கும்: எண்ணிக்கைக்குக் கூலி தந்தால் உழைப்பு கூடுகிறதா, விரைந்து முடிப்பவர்கள் அந்த வேலைக்கு வந்து சேர்வதால் கூடியதாகத் தோன்றுகிறதா? இதற்குப் பொருளளவையியல் வேண்டும். புள்ளியியலில் அவள் பெற்ற மதிப்பெண் சான்றாகும். டைசன் பள்ளிக்கு எழுதும்போது, வெளிநாட்டு நிறுவனம் ஓர் ஆடைக்குத் தரும் விலையில் எவ்வளவு தையல் இயந்திரம் வரை வந்து சேர்கிறது என்ற வணிகச் சங்கிலி முன்னுக்கு வரும். தொழிலாளர் உறவுகள் பள்ளிக்கோ, தொழிற்சங்கங்களும் உற்பத்தியாளர் சங்கங்களும் உட்கார்ந்து பேசிக் கூலி ஒப்பந்தம் போடும் முறையும், அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கும் தொழிலாளரின் நிலையும். ஊர் ஒன்று, அக்கறை ஒன்று, மாணவி ஒருத்தி. எதுவும் பொய்யில்லை. இருந்தும் மூன்று கட்டுரைகள் மூன்று விதமாக வருகின்றன. இவற்றில் எதை எழுதும்போது தன் கை தடையின்றி ஓடுகிறதோ அந்த வாசலே தனக்கு உரியது என்பதையும் அவள் அறிந்துகொள்வாள். விண்ணப்பக் கட்டுரையால் விளையும் இந்தப் பயனை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. சேர்க்கை முடிவைவிட இதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கதை வேறு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ உள்ளிட்ட அதன் ஒன்பது இளநிலை வளாகங்களுக்கும் ஒரே விண்ணப்பம்; ஒரே விடைத்தொகுப்பு எல்லா வளாகங்களுக்கும் போகும். மாறி வருபவர் நான்கு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள். அவற்றில் ஒன்று கட்டாயம்: முதன்மைப் பாடத்துக்கு உன்னை எப்படி ஆயத்தம் செய்துகொண்டாய்? மற்ற மூன்றை ஏழு கேள்விகளிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். இங்கே ஒரு வளாகத்தின் பெயரைச் சொல்லிப் புகழ்வது தவறான உத்தி. மற்ற எட்டு வளாகங்களும் அதையே படிக்கும். நம் பிள்ளைகள் சிலர் 'பெர்க்லியே என் உயிர்' என்று எழுதி மற்ற வளாகங்களுக்கும் அனுப்பிவிடுகிறார்கள்.

அங்கே தனித்தன்மை வேறு இடத்தில் தேவைப்படுகிறது. கலிஃபோர்னியாவில் 116 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. அங்கு ஈராண்டு படித்துப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரும் பாதை, 1960-ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டத்திலேயே வகுக்கப்பட்டது. எந்தச் சமுதாயக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தின் எந்தப் பாடத்துக்கு இணை என்பதை 'அசிஸ்ட்' என்ற அரசு சார் இணையதளம் வரிவரியாகக் காட்டுகிறது. டேவிஸ், இர்வைன், மெர்சிட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், வரையறுத்த பாடங்களையும் மதிப்பெண்ணையும் பெற்ற சமுதாயக் கல்லூரி மாணவருக்கு முன்கூட்டியே இடத்தை உறுதி செய்யும் திட்டமும் வைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். இந்த முறையில் வளாகத்துக்கு ஏற்பத் தைக்கப்படுவது கட்டுரை இல்லை, பாடத் தேர்வு. முதல் பருவத்திலேயே அந்த இணையதளத்தைப் பார்த்துப் பாடம் எடுத்தவர், நவம்பரில் கட்டுரை எழுத உட்காரும்போது பாதி வேலையை முடித்திருப்பார்.

எழுதுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் ஆண்டுதோறும் 'பொதுத் தரவுத் தொகுப்பு' என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. அதன் 'டி' பிரிவு முழுவதும் மாற்றுச் சேர்க்கை பற்றியது. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள், எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள், கட்டுரை கட்டாயமா, எத்தனை கிரெடிட் வரை ஏற்கப்படும் என்பனவெல்லாம் அதில் இருக்கும். முகவர்கள் தரும் வண்ணத் தாள்களைவிட இந்தக் கறுப்பு வெள்ளை ஆவணம் பயன் மிக்கது. அடுத்தது பாடத் தொகுப்பு நூல். முதன்மைப் பாடத்துக்கான தேவைகளை எடுத்து, முடித்தவற்றை அடித்துவிட்டு, எஞ்சியவற்றைப் பருவவாரியாக ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு கல்லூரியில் அது நான்கு பருவங்களில் அடங்கும். மற்றொன்றில் ஆறு ஆகும். அந்தத் தாள்தான் கட்டுரையின் மூலப் பிரதி. அதை எழுதாமல் கட்டுரை எழுதத் தொடங்குவோரிடம்தான் 'எல்லையற்ற வாய்ப்புகள்' வந்து விழுகின்றன.

கிரெடிட் இழப்பு சாதாரணமானதன்று. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அறிக்கை அளிக்கும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டுகளில் 43 விழுக்காட்டை இழந்ததாக மதிப்பிட்டது. பெற்றோர் ஏற்கெனவே கட்டணம் செலுத்திய பாடங்கள் அவை. பருவ முறையில் இயங்கும் கல்லூரியிலிருந்து காலாண்டு முறையில் இயங்கும் கல்லூரிக்கு மாறும்போது கிரெடிட் எண்ணிக்கையே மாறும். ஒரு பருவக் கிரெடிட் ஒன்றரைக் காலாண்டுக் கிரெடிட்டுக்குச் சமம். போகவிருக்கும் கல்லூரியில் தன் பாடங்களில் எவை ஏற்கப்படும் என்று தெரிந்து எழுதும் மாணவரின் கட்டுரையில், அந்தத் தெளிவு சொல்லாமலே தெரியும்.

ஏன் போகிறாய்?

முதல் கேள்வியிலேயே பலர் சறுக்குகிறார்கள். இருக்கும் கல்லூரியைக் குறை சொல்லித் தொடங்குவது தன்னியல்பாக வந்துவிடுகிறது: ஆசிரியர்கள் சரியில்லை, சக மாணவர்களுக்கு ஆர்வமில்லை, ஊர் சிறியது. இப்படி எழுதுபவர் ஒன்றை மறந்துவிடுகிறார். அந்தக் கல்லூரியின் பேராசிரியர்தான் பெரும்பாலும் பரிந்துரைக் கடிதம் தருகிறார். நடப்புப் பருவ மதிப்பெண் அறிக்கையும் அங்கிருந்தே போகிறது. குறையைச் சொல்ல வேண்டாம் என்றில்லை. அளவோடு, செய்தியாகச் சொல்ல வேண்டும். 'என் துறையில் பொருளளவையியல் ஒரு பாடத்தோடு முடிகிறது. அதை முடித்துவிட்டேன்' என்பது செய்தி. 'இங்கே தரமான கல்வி இல்லை' என்பது புலம்பல்.

சொல்லத் தயங்கும் காரணங்களும் உண்டு. தந்தையின் தொழில் நொடித்துக் கட்டணம் சுமையானது, குளிரும் தனிமையும் தாங்கவில்லை, முதல் பருவத்தில் மதிப்பெண் விழுந்தது. இவற்றை மறைத்து, பின்னால் இட்டுக்கட்டிய கல்விக் காரணத்தை முன்னே நிறுத்தினால் மதிப்பெண் பட்டியல் காட்டிக்கொடுத்துவிடும். பணக் காரணத்தை இரண்டு வாக்கியத்தில் நேராகச் சொல்லிவிட்டு மேலே செல்லலாம். மதிப்பெண் வீழ்ச்சிக்கும் அவ்வாறே. எழுந்த பருவத்தின் பாடங்களே மீதியைச் சொல்லட்டும். தனிமை என்ற காரணம் மட்டும் தனியாக நிற்காது. அடுத்த கல்லூரியிலும் அது பின்தொடரலாம் என்று படிப்பவர் நினைப்பார். ஒபாமாவைப் போல் பெரிய நகரத்தை நாடுவது குற்றமில்லை. ஆனால் அந்த நகரத்தில் என்ன செய்யப்போகிறோம் என்பது உடன் வர வேண்டும்.

எத்தனை கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பெற்றோர் கேட்கிறார்கள். மேலே சொன்ன பருவவாரித் தாளை எத்தனை கல்லூரிகளுக்கு ஒழுங்காக எழுத முடியுமோ அத்தனைக்கு. பருவத் தேர்வுகளுக்கு நடுவே எழுதும் மாணவருக்கு ஐந்து அல்லது ஆறே அதிகம் என்பது என் மதிப்பீடு. பதினைந்துக்கு அனுப்புபவர் உண்மையில் ஒன்றையே பதினைந்து முறை அனுப்புகிறார்.

இந்தியாவிலிருந்து சென்ற மாணவர்களுக்குக் கூடுதலாகச் சில. சர்வதேச மாணவர்களுக்கான நிதியுதவி, மாறி வருவோருக்குப் பல கல்லூரிகளில் மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. இதை ஒவ்வொரு கல்லூரியின் நிதியுதவிப் பக்கத்திலும் தனியே பார்க்க வேண்டும். எஃப்-1 விசாவில் இருப்பவர், புதிய கல்லூரியில் இடம் கிடைத்ததும் பழைய கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் வழியே தம் பதிவை மாற்றி, புதிய கல்லூரியிடமிருந்து புதிய ஐ-20 படிவம் பெற வேண்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுவன. உறவினர் சொல்லையோ முகவர் சொல்லையோ நம்பாமல், விண்ணப்பிக்கும் முன்பே அந்த அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுவது நல்லது.

தேதிகளும் கல்லூரிக்குக் கல்லூரி வேறு. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பக் காலம் நவம்பர் இறுதியை ஒட்டி முடிகிறது. வடகிழக்கின் தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு மார்ச் மாதம். இடம் கிடைத்த கடிதம் வந்ததும் பல குடும்பங்கள் அன்றே முன்பணத்தைச் செலுத்திவிடுகின்றன. எத்தனை கிரெடிட்டுகள் ஏற்கப்பட்டன என்ற மதிப்பீடு சில கல்லூரிகளில் அந்தக் கடிதத்துடன் வரும். சிலவற்றில் வாரங்கள் கழித்தே வரும். வராவிட்டால் பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதி அதைக் கேட்டுப் பெற்று, கட்டுரைக்கு முன் தயாரித்த பருவவாரித் தாளுடன் ஒப்பிட்டுப் பார்த்து, அதன் பிறகே முன்பணத்தைச் செலுத்துங்கள்.